செயற்கை மழை: ஒரு சொல்லின் பிழை

வறட்சி வந்தால் நம் நாட்டில் இரண்டு குரல்கள் தவறாமல் எழும். ஒன்று, யாகம் வளர்க்கச் சொல்லும் குரல். மற்றொன்று, 'செயற்கை மழை பெய்விக்க அரசு ஆவன செய்யுமா?' என்று கேட்கும் குரல். முதல் குரலைக் கேட்டு நகைப்பவர்கள் இரண்டாவதை அறிவியலின் குரல் என்று நம்பி வரவேற்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவு என்பதும், அதற்குப் பெரிய காரணம் 'செயற்கை மழை' என்ற சொல்லே என்பதும் என் துணிபு.

தமிழ் கற்பிப்பவருக்கு மேகத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லில்தான் வேலை. ஒரு பொருளுக்குத் தவறான பெயர் வைத்துவிட்டால், அதைப் பற்றி நாம் எழுப்பும் வினாக்களும் தவறாகிவிடுகின்றன. தவறான வினாக்களுக்கு அரசுப் பணத்தில் விடை தேடப்படுகிறது. மேலும், நான் வாழும் ஒட்டன்சத்திரம் இவ்வினாவை அன்றாடம் எழுப்புகிற ஊர். பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறோம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எங்கள் தலைக்கு மேல் மேகங்களை ஓட்டிக்கொண்டு போகிறது. அவை எங்களுக்குப் பெய்வதில்லை. கேரளத்தில் பெய்து தீர்ந்து, மலையைக் கடந்து கீழிறங்கி, வறண்ட காற்றாகிவிட்ட தென்மேற்குப் பருவக் காற்றின் மிச்சம் அது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குச் சோறு. முருங்கையும் தக்காளியும் கத்தரியும் மூட்டை மூட்டையாக லாரியேறிக் கேரளம் வரை போகின்ற ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் பின்னால், ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே போகும் ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில், பெய்யாமல் கடந்து போகும் மேகத்தைப் பார்த்து, 'விமானத்தில் போய் எதையாவது தூவினால் பெய்யுமாமே' என்று ஒரு விவசாயி கேட்பது இயல்பு. அக்கேள்விக்கு நேர்மையான விடை சொல்வது படித்தவர்களின் கடமை.

* * *

விடை சொல்லுமுன் மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் கண்ணுக்குத் தெரியும் மேகம் நீராவியால் ஆனதன்று. நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகம் என்பது மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு துளியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய துளி கீழே விழுவதில்லை. மேலெழும் காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது. ஒரு மழைத்துளி உருவாக அத்தகைய மேகத்துளிகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஒன்றுசேர வேண்டும். ஆகவே மழையின் புதிர் 'நீர் எங்கிருந்து வந்தது' என்பதோடு முடிவதில்லை. சிதறிக் கிடக்கும் பத்து இலட்சம் துளிகள் எவ்வாறு ஒன்றாகின்றன என்பதே அடுத்த, கடினமான புதிர்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வது. சில துளிகளாவது மற்றவற்றைவிடப் பெரியனவாக இருந்தால், அவை விரைந்து விழுந்து வழியில் சிறியவற்றை வாரிக்கொள்ளும். வெப்பநாடுகளின் தாழ்ந்த மேகங்களில் இவ்வழியே நடக்கிறது. இரண்டாவது வழி, பனிக்கட்டி வழி. நம்மூர் மழைக்கும் பனிக்கட்டிக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் ஒட்டன்சத்திரத்தின் மேலும் வெப்பநிலை 0 டிகிரிதான். சித்திரை, வைகாசியில் இடியோடு எழும் கொண்டல்கள் அந்த எல்லையை எளிதில் தாண்டிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் வளர்கின்றன. அவற்றின் உச்சி முழுதும் பனிக்கட்டி. இடியும் மின்னலும் அப்பனிக்கட்டிகளின் உரசலில் பிறப்பவை. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் மேல் சடசடவென்று விழும் ஆலங்கட்டி, மேலே இருக்கும் அப்பனி உலகிலிருந்து உருகாமல் தப்பி வந்த தூதன். சங்கப் புலவர் அதை 'ஆலி' என்றனர். பனிமலை காணாத நம் மொழி மேகத்துப் பனிக்கட்டிக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறது.

இங்கேதான் துகள்கள் வருகின்றன. நீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்தோம். பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும் என்பது உறுதி. ஆனால் நீர் அந்த வெப்பநிலையில் உறைந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாசற்ற ஒரு சிறு நீர்த்துளி சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 38 டிகிரி வரையிலும் நீராகவே இருக்க வல்லது. காரணம் எளிது. உறைவதற்கு நீரின் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அணிவகுக்க வேண்டும். தற்செயலாகச் சில மூலக்கூறுகள் அப்படி அணிவகுத்தாலும், அந்தச் சிறு கூட்டம் நிலைபெறுமுன் கலைந்துவிடுகிறது. பிடித்துக்கொள்ள ஒரு மேற்பரப்பு கிடைத்தால் கலையாது. அவரைக் கொடிக்குக் கொழுகொம்பு போல. இலக்கியம் படித்தவர்களுக்கு முல்லைக்குக் கிடைத்த பாரியின் தேர் போல. அந்தக் கொழுகொம்புதான் காற்றில் மிதக்கும் துகள்.

எல்லாத் துகளும் கொழுகொம்பு ஆவதில்லை. நீராவி துளியாகப் படிவதற்கு உப்பு, புகை, தூசி எனப் பலவும் உதவும். பனிக்கட்டிக்குக் கருவாகும் தகுதி மிகச் சிலவற்றுக்கே உண்டு. காற்றில் மிதக்கும் துகள்களில் பத்து இலட்சத்தில் ஒன்று அத்தகுதி உடையதாக இருந்தாலே பெரிது. பாலைநிலத் தூசியும் களிமண் துகளும் அவற்றுள் அடங்கும். 2013-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர் குழு ஒன்று, தூசியிலுள்ள கனிமங்களில் பொட்டாசியம் கலந்த பெல்ட்ஸ்பார் என்பதே பனிக்கருவாக முன்னிற்கிறது என்று கண்டு வெளியிட்டது. திண்டுக்கல் சமவெளியின் பாறைகளிலும் பெல்ட்ஸ்பார் கலந்திருக்கிறது. நாம் கல்லென்று மிதித்துச் செல்வது, பொடியாகி வானேறினால் மேகத்துக்குக் கருவாகிறது. உயிருள்ள கருக்களும் உண்டு. இலைகளின் மேல் வாழும் 'சூடோமோனாஸ் சிரிஞ்சே' என்னும் நுண்ணுயிர், சுழியத்துக்குக் கீழே 2 டிகிரியிலேயே நீரை உறைய வைக்கும் புரதத்தைத் தன் மேல் தாங்கியிருக்கிறது. குளிர்நாட்டுப் பயிர்களை உறைபனியால் கருக்கும் இவ்வுயிரே செயற்கைப் பனி செய்யும் தொழிலுக்கும் பயன்படுகிறது.

ஒரு துளி உறைந்துவிட்டால் அதன்பின் நடப்பது விந்தை. உறையாத துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் நின்றால், அது சுற்றியுள்ள நீராவியை நீர்த்துளியைவிட வலுவாகப் பற்றிக்கொள்ளும். காற்றில் ஆவி குறையும். துளிகள் ஆவியாகிக் கரையும். அந்த ஆவியும் படிகத்திலேயே போய்ச் சேரும். ஏழை இளைக்க, செல்வன் கொழுப்பான். கொழுத்த படிகம் கனம் தாங்காமல் விழும். கீழே வெப்பமான அடுக்கில் உருகி, நம் முற்றத்தில் மழையாகச் சேரும். வேகனர் 1911-இல் குறிப்பாகச் சொன்னதை, சுவீடன் நாட்டு வானிலை அறிஞர் பெர்ஜிரான் 1930-களில் கொள்கையாக வளர்த்தார்.

* * *

இந்த அறிவிலிருந்துதான் மேகத்தில் தூவும் எண்ணம் பிறந்தது. 1946-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரத்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர், ஒரு குளிர்பெட்டிக்குள் தம் மூச்சால் சிறு மேகத்தை உண்டாக்கி, அதை உறைய வைக்கப் பலவகைத் துகள்களைத் தூவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை மேலும் குளிர்விக்க உலர்பனிக் கட்டி ஒன்றை உள்ளே வைத்தார். அந்த நொடியே பெட்டி முழுதும் பனிப்படிகங்கள் மின்னின. அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் விமானத்தில் ஏறி மாசசூசெட்ஸ் மலைப்பகுதி மேகம் ஒன்றில் உலர்பனியைத் தூவினார். பனி பொழிந்தது. ஆனால் தரையைத் தொடுமுன் வறண்ட காற்றில் அது ஆவியாகிவிட்டது. மேகத்தில் தூவும் கலையின் முதல் வெற்றியே மண்ணை நனைக்காத வெற்றி என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த நாளே அதே ஆய்வகத்தில் பெர்னார்ட் வொனெகட், படிக அமைப்பில் பனிக்கட்டியை ஒத்த பொருள் எது என்று அட்டவணைகளில் தேடிக் கண்டெடுத்த வெள்ளி அயோடைடு வேலை செய்வதை உறுதி செய்தார். இவர் நாவலாசிரியர் கர்ட் வொனெகட்டின் தமையனார். தொட்ட நீரையெல்லாம் உறைய வைக்கும் 'ஐஸ் நைன்' என்ற கற்பனைப் பொருள், தம்பி 1963-இல் வெளியிட்ட நாவலில் வருகிறது.

இவ்விருவருக்கும் தலைவராக இருந்தவர் வேதியியலுக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர். 1949-இன் இறுதியில் தொடங்கி நியூ மெக்சிகோவில் வாரந்தோறும் வெள்ளி அயோடைடுப் புகை விடச் செய்து, அதன் விளைவாக அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வரைக்கும் ஏழு நாளுக்கு ஒருமுறை மழை கூடுகிறது என்று அவர் முழங்கினார். வானிலை அறிஞர்கள் ஏற்கவில்லை. மழை தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. யாரும் எதையும் தூவாத ஆண்டுகளிலும் அத்தகைய ஒழுங்குகள் தற்செயலாகத் தோன்றி மறையும் என்றார்கள். நாம் இதை ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறோம்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. நோபல் பரிசு பெற்றவரும் காக்கையைக் கொண்டாடும் ஆபத்திலிருந்து தப்புவதில்லை.

இங்கு நம் ஊர் வழக்கங்களை எண்ணிப் பார்க்கலாம். மழை பொய்த்தால் வீடுதோறும் மழைச்சோறு எடுப்பதும், கொடும்பாவி கட்டி இழுப்பதும், கழுதைகளுக்குத் திருமணம் செய்து வைப்பதும் நம் நாட்டுப்புறத்தில் உண்டு. அவற்றைச் செய்தபின் மழை பெய்யாமலும் இல்லை. வறட்சி உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும், அதன்பின் என்றோ ஒருநாள் மழை வந்தே தீரும். வெள்ளி அயோடைடு தூவியபின் பெய்த மழையையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வேறுபாட்டை அறிய ஒரே வழி உண்டு. தூவத் தகுதியுள்ள மேகங்களை முதலில் தேர்ந்துகொண்டு, அவற்றுள் எவற்றில் தூவுவது, எவற்றை விட்டுவிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்து, இரண்டு கூட்டத்தையும் பல ஆண்டுகள் அளந்து ஒப்பிட வேண்டும். மழைச்சோற்றுக்கும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது; விமானத்தில் இல்லை.

* * *

தமிழ்நாட்டு அரசு 1983-இலும், 1984 முதல் 1987 வரையிலும், மீண்டும் 1993-94-இலும் கடும் வறட்சியை முன்னிட்டு மேகங்களில் தூவும் பணியை மேற்கொண்டது. கர்நாடகமும் மகாராட்டிரமும் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் இறங்கின. கர்நாடகம் 2017 ஆகஸ்டு 21 அன்று 'வர்ஷதாரி' என்ற பெயரில் பெங்களூரிலிருந்து மீண்டும் விமானம் ஏற்றியது. அதற்கு ஒரு வாரம் முன்பே, ஆகஸ்டு 14 இரவில், எவரும் எதையும் தூவாமலேயே பெங்களூர் பெருமழையில் மிதந்தது. அந்தப் பருவத்தில் பின்னர்ப் பெய்ததில் எவ்வளவு விமானத்தின் பங்கு, எவ்வளவு வானத்தின் பங்கு என்று பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இது ஒன்றே காட்டும்.

தலைநகரின் அனுபவம் இன்னும் அண்மையது. 2025 அக்டோபர் 28 அன்று தில்லியின் நச்சுப் புகையைக் கழுவ மழை வேண்டும் என்று கான்பூர் ஐ.ஐ.டி. குழு விமானத்திலிருந்து தூவியது. மேகத்தில் ஈரம் போதவில்லை. எதிர்பார்த்த மழை இல்லை. ஐந்து முயற்சிகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகை மூன்று கோடி ரூபாய்க்கு மேல். ஈரமற்ற மேகத்தில் எதைத் தூவினாலும் பெய்யாது என்பது 1946 முதல் அறிந்த செய்தி.

இதற்கு மாறாக, நம் நாட்டில் பொறுமையோடு அறிவியல் செய்தவர்களும் இருக்கிறார்கள். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், பாராமதிப் பகுதியில் 1973 முதல் 1986 வரை பதினொரு பருவங்கள் சீட்டுக் குலுக்கும் முறையில் உப்புத்துகள் தூவிச் சோதித்தது. மழை 24 விழுக்காடு கூடியதாக முடிவு கூறியது. அதே நிறுவனம் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் எங்களைப் போலவே மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் சோதனை செய்து, 276 மேகங்களை ஆராய்ந்து, 2023-இல் முடிவை வெளியிட்டது. தூவிய இடத்திலிருந்து காற்று வீசும் திசையில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 18 விழுக்காடு கூடுதல் மழை என்றது.

இவ்விரண்டிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த எண்கள் உப்பு வகைத் துகள்களுக்கு உரியவை. அவை பனிக்கட்டி வழியில் வேலை செய்வதில்லை. ஈரத்தை ஈர்த்துப் பெருந்துளிகளை உண்டாக்கி, மோதிச் சேரும் முதல் வழியைத் தூண்டுகின்றன. வெள்ளி அயோடைடின் கதை வேறு. அமெரிக்காவின் ஐடகோ மலைகளில் 2017 ஜனவரியில் நடந்த சோதனையில், விமானம் வளைந்து வளைந்து சென்ற தடத்திலேயே பனி உருவாகி விழுவதை ரேடாரில் கோடு கோடாகக் கண்டார்கள். மலைமேல் தங்கும் குளிர்கால மேகத்தில் பனிக்கரு வேலை செய்யும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் இஸ்ரேல் நாடு பல்லாண்டுகளாகப் பெருமையோடு பேசிவந்த திட்டத்தை 2013 முதல் 2020 வரை சீட்டு முறையில் மறுபடி சோதித்தபோது, நம்பத்தக்க அளவு கூடுதல் மழை எதுவும் காணக் கிடைக்கவில்லை. ஒரே பொருள், ஒரே கொள்கை. ஆனால் ஒரு மேகத்தில் பலிப்பது மற்றொன்றில் பலிப்பதில்லை.

* * *

சோலாப்பூரின் 18 விழுக்காட்டை அப்படியே ஏற்று எங்கள் ஊருக்குக் கணக்குப் போடுவோம். வறண்ட மாதம் ஒன்றில் 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று கொள்வோம். 18 விழுக்காடு கூடினால் கூடுதலாகக் கிடைப்பது 3.6 மில்லிமீட்டர். ஏக்கருக்கு ஏறத்தாழ 14,500 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் சுமையைவிடச் சற்றுக் கூடுதல். பங்குனி வெயில் ஒரே பகலில் அதைக் குடித்துவிடும். அந்த 20 மில்லிமீட்டரும் இல்லையென்றால்? சுழியத்தின் 18 விழுக்காடு சுழியமே. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அந்த ஆண்டு குறைந்தது மேகத்தில் கரு அன்று. ஈரம் சுமந்து வரும் காற்றும், அதை மேலே தூக்கும் தாழ்வு மண்டலங்களும் போதவில்லை. விமானத்தில் ஏற்றிச் செல்ல முடியாத பொருள்கள் அவை.

ஆனால் இதே கணக்கை நேர்மையாக மறுபுறமும் போட வேண்டும். 3.6 மில்லிமீட்டர் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுந்தால் 36 கோடி லிட்டர். அது அற்பமன்று. பிடித்து வைக்க இடமிருந்தால் ஒரு குளத்துக்குப் பயன்படும். நல்ல மழைப் பருவத்தில், ஏற்கெனவே ஈரம் நிறைந்து உயர்ந்து நிற்கும் மேகங்களிலிருந்து இன்னும் சற்றுக் கூடுதலாகப் பெற்றுச் சேமிக்கும் முறையாக இதைக் கருதினால், ஆராய்ந்து பார்க்கத் தகுந்ததே. ஆகவே என் மறுப்பு அறிவியலின் மேல் இல்லை. வறட்சியின் நடுவில் அதை மருந்தென்று விற்பதன் மேல்தான் இருக்கிறது.

'முயன்றுதான் பார்ப்போமே, என்ன நட்டம்?' என்று என் உடன்பணியாளர் ஒருவர் வாதிட்டார். நட்டம் இரண்டு வகை. முதலாவது பணம். இரண்டாவது, அதைவிடப் பெரியது, கவனம். விமானம் பறக்கும் வரை எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். தரையை எவரும் பார்ப்பதில்லை. எங்கள் பகுதிக்கு நீர் தரும் பரப்பலாறு அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்ததும், தூர்வார வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் எழுந்துவந்ததும் இவ்வட்டாரத்தார் அறிந்தவை. அதன் நீரை நம்பியிருக்கும் முத்துபூபால சமுத்திரம், பெருமாள்குளம், சடையகுளம் ஆகியவற்றின் வரத்து வாய்க்கால்களைக் கேளுங்கள். சீமைக்கருவேலமும் குப்பையும் எவ்வளவு நீரை வழிமறிக்கின்றன என்று அவை சொல்லும். சமுத்திரம் என்று குளத்துக்குப் பெயர் வைத்த முன்னோர் மழையைப் பெய்விக்க முயன்றதாகத் தெரியவில்லை. பெய்ததை விடாமல் பிடித்தார்கள். ஒரு பருவத்தின் மழையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டுமென்றால், விமானத்தைத் தேடுமுன் வீணாய் ஓடும் ஐந்தில் ஒரு பங்கைத் தேடலாம். அதற்குச் சீட்டுக் குலுக்க வேண்டியதும் இல்லை, மண்வெட்டி போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் விமானம் ஏற்றாமலேயே ஒவ்வொரு நாளும் மேகத்தில் தூவிக்கொண்டுதான் இருக்கிறோம். குப்பை மேட்டுப் புகை, செங்கற்சூளைப் புகை, லாரிகளின் கரி, கல்குவாரித் தூசி எல்லாம் மேலேதான் போகின்றன. அவற்றுள் பனிக்கருவாகத் தகுந்தவை மிகச் சில. துளிக்கருவாகத் தகுந்தவை மிகப் பல. துளிக்கரு அளவுக்கு மீறினால், உள்ள ஈரம் எண்ணற்ற சிறு துளிகளாகப் பிரிந்துவிடுகிறது. சிறு துளிகள் மோதிச் சேர்வதில்லை. பெய்யத் தொடங்க மேகம் இன்னும் உயர வேண்டியிருக்கிறது. உயர முடியாத தாழ்ந்த மேகம் பெய்யாமலேயே கடந்து போகிறது. ஒரே பந்தியில் பத்துப் பேருக்குரிய சோற்றை ஆயிரம் பேருக்குப் பரிமாறினால் ஒருவருக்கும் வயிறு நிறையாது என்பது போலத்தான். மழைமறைவில் வாழும் நமக்கு இது வேறெவரையும்விட முக்கியமான செய்தி. இந்தத் தூவலுக்கு எவரும் ஒப்பந்தப்புள்ளி கோருவதில்லை. எவரும் கணக்குக் கேட்பதும் இல்லை.

* * *

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் மேகத்தில் விதைத்தல் என்ற பொருளுடையது. அதுவும் முற்றிலும் சரியான உருவகம் இல்லை. ஆனாலும் விதைப்பவனுக்கு முதலில் பண்பட்ட நிலம் வேண்டும் என்ற உண்மையாவது அதில் ஒளிந்திருக்கிறது. அதைத் தமிழில் 'செயற்கை மழை' ஆக்கியபோது நிலம் மறைந்தது, மேகமும் மறைந்தது. மழையைச் செய்பவன் மட்டும் மிஞ்சினான். செயற்கைப் பல், செயற்கை இழை, செயற்கை உரம் என்று நாம் சொல்லும்போது, இயற்கை தராததை மனிதன் செய்து தருகிறான் என்று பொருள். மழையில் அவன் செய்வது அதுவன்று. விழும் நீர் கடல் தந்தது, ஏறிய வெப்பம் கதிரவன் தந்தது, மேகம் காற்று கட்டியது. மனிதன் தருவது ஒரு கிள்ளு துகள். ஒரு கிள்ளு துகளைத் தந்துவிட்டு முழு மழைக்கும் உரிமை கொண்டாடும் சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நம் பழைய புலவர்கள் மழை மேகத்தைச் சூல்கொண்டதாகக் கண்டார்கள். கடல்நீரை முகந்து, கருவுற்று, கனத்து, மலையைச் சேர்ந்து பொழிவது என்பது அவர்களின் பார்வை. அறிவியல் இன்று சொல்வதற்கு இவ்வுருவகம் எவ்வளவு அணுக்கமாக இருக்கிறது! துளிக்கும் பனிப்படிகத்துக்கும் நடுவில் இருப்பதைக் 'கரு' என்றே நாம் எழுதுகிறோம். நிறைசூல் கொண்ட ஒருத்திக்குப் பேறுகாலத்தில் மருத்துவச்சி துணை செய்யலாம்; சூல் இல்லாதவளிடம் மருத்துவச்சிக்கு வேலை இல்லை. மேகத்தில் தூவுவது மருத்துவச்சியின் தொழில். ஆகவே 'மழைத்தூண்டல்' என்பதே இதற்கு நேர்மையான பெயர் என்று கருதுகிறேன். தூண்டுவதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டும் என்பதை அச்சொல் மறைப்பதில்லை. தூண்டில்லாத விளக்கைத் தூண்ட முடியாது என்பது போல, எண்ணெயும் திரியும் இல்லாத இடத்தில் தூண்டுகோல் பயனற்றது.

பெயரை மாற்றினால் கேள்விகளும் மாறும். 'செயற்கை மழை எப்போது?' என்று கேட்பதற்குப் பதில், 'தூண்டத் தகுந்த மேகம் நம் மாவட்டத்தின் மேல் எந்த மாதங்களில், எவ்வளவு வருகிறது? அதை அளந்தவர் யார்?' என்று கேட்கத் தோன்றும். அடுத்து, 'எந்தத் துகள்? உப்பா, வெள்ளி அயோடைடா? ஏன்?' என்று கேட்கத் தோன்றும். 'தூவாமல் விட்ட மேகங்களின் கணக்கு எங்கே? அதைச் சரிபார்ப்பவர் ஒப்பந்தக்காரரா, அவரோடு தொடர்பில்லாத அறிஞரா?' என்று கேட்கத் தோன்றும். இறுதியாக, 'பெய்தால் எந்தக் குளத்தில் நிற்கும்?' என்று கேட்கத் தோன்றும். இந்நான்கு வினாக்களுக்கும் விடை உள்ள திட்டம் எதுவாயினும் நான் வரவேற்பேன். விடையில்லாத திட்டம் கோடிக்கணக்கில் செலவானாலும் கொடும்பாவி இழுப்பதற்கு நிகர்; கொடும்பாவிக்காவது செலவு குறைவு.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையை மனிதன் செய்யும் பொருளாக அவர் கருதவில்லை; மனிதன் செய்யும் அனைத்துக்கும் அடியில் கிடப்பதாகக் கருதினார். மேகத்துக்குள் ஒரு தூசித் துகள் எப்படிப் பனியின் கருவாகிறது என்று அறிந்த பின்பும் அந்த வரிசை சரியாகவே இருக்கிறது. அறிந்தவர் செய்ய வேண்டியது, வரும் ஐப்பசிக்கு முன் வாய்க்காலைத் திறந்து வைப்பது.